பத்து வயதில் ஒரு வருடம், ஐம்பது வயதில் ஒரு வருடம்

"இப்பதான் ஜனவரி வந்த மாதிரி இருக்கு, அதுக்குள்ள டிசம்பர் ஆயிடுச்சு!" வருடக் கடைசியில் வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். அவர் பக்கத்தில் நிற்கும் ஏழு வயதுக் குழந்தைக்கோ அடுத்த பிறந்தநாள் வருவேனா என்கிறது. இருவருக்கும் காலண்டர் ஒன்றுதான், கடிகாரம் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

இதற்கு ஒரு சுலபமான பதில் ரொம்ப நாளாக உலவிக்கொண்டிருக்கிறது. பத்து வயதுப் பையனுக்கு ஒரு வருடம் என்பது அவன் இதுவரை வாழ்ந்ததில் பத்தில் ஒரு பங்கு. ஐம்பது வயதுக்காரருக்கு அதே வருடம் ஐம்பதில் ஒரு பங்குதான். அதாவது பையனுக்கு 10 சதவீதம், பெரியவருக்கு வெறும் 2 சதவீதம். பங்கு சிறுத்துக்கொண்டே போவதால் வருடமும் சின்னதாகத் தெரிகிறது. அவ்வளவுதான் விஷயம்!

கேட்டவுடன் "அட, ஆமாம்ல!" என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டினால் ஒரு பயமுறுத்தும் முடிவு வருகிறது. 5 வயதிலிருந்து 10 வயது வரை வயது இரண்டு மடங்காகிறது. 10இலிருந்து 20, 20இலிருந்து 40, 40இலிருந்து 80 இவையும் இரண்டு மடங்குகள்தான். விகிதக் கணக்குப்படி இந்த நான்கு கட்டங்களும் மனதுக்கு ஒரே நீளம். அப்படியானால் ஐந்து வயதிலிருந்து எண்ணத் தொடங்கி 80 வயது வரை வாழப்போகும் ஒருவர், 20 வயதிலேயே தன் 'உணரும் வாழ்க்கையில்' பாதியை முடித்துவிடுகிறார். கல்லூரியை விட்டு வெளியே வருவதற்குள் பாதி காலி!

இது உண்மையா? யார் முதலில் சொன்னது? எதை வைத்துச் சொன்னார்கள்? இதற்கு நூறு வருடத்துக்கும் மேலான ஒரு சுவாரஸ்யமான வரலாறு இருக்கிறது.

எடைக்கல்லும் காசும்

விகிதத்தை வைத்து உணர்ச்சியை அளக்கும் பழக்கம் காலத்தில் தொடங்கவில்லை, பணத்தில் தொடங்கியது. 1738இல் டேனியல் பெர்னூலி என்ற கணித மேதை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு காசு கிடைத்தால் வரும் சந்தோஷம் எல்லோருக்கும் ஒன்றல்ல, ஏற்கெனவே கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அது குறையும் என்றார். நூறு காசு வைத்திருப்பவனுக்கு ஒரு காசு நூறில் ஒரு பங்கு, ஆயிரம் வைத்திருப்பவனுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் 'காசு' என்ற இடத்தில் 'வருடம்' என்று போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கேதான்!

அடுத்து வந்தவர் லைப்சிக் நகரில் இருந்த ஏர்ன்ஸ்ட் ஹைன்ரிச் வெபர். கையில் எடையைத் தூக்கிப் பார்த்து, எவ்வளவு கூடினால் ஒருவருக்கு வித்தியாசம் தெரிகிறது என்று சோதித்தார். 1834இல் அவர் வெளியிட்ட முடிவின் சாரம் இது: தெரிவதற்குத் தேவையான வித்தியாசம் இத்தனை கிராம் என்று நிலையானதல்ல. ஏற்கெனவே இருக்கும் எடையில் ஒரு குறிப்பிட்ட பங்காக அது இருக்க வேண்டும். தூக்கிப் பார்க்கும் எடைக்கு அந்தப் பங்கு சுமார் நாற்பதில் ஒன்று. 400 கிராமோடு 10 கிராம் சேர்த்தால் தெரியும். 4 கிலோவோடு அதே 10 கிராமைச் சேர்த்தால் தெரியாது, 100 கிராம் வேண்டும்.

அதே லைப்சிக்கில் இருந்த குஸ்டாவ் ஃபெக்னர் இதை ஒரு பெரிய விதியாக வளர்த்தார். 1850 அக்டோபர் 22ஆம் தேதி காலை, படுக்கையில் இருந்தபோது அந்த யோசனை அவருக்கு வந்தது. உலகத்தில் இருப்பது மடங்குகளாகப் பெருகினால், மனதில் அது படிப்படியாகத்தான் கூடும் என்பது அதன் சுருக்கம். கணக்குப் பாடத்தில் வரும் மடக்கை இதுதான். 1860இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். உணர்ச்சியை எண்ணால் அளக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு அந்தப் புத்தகம் ஒரு பெரிய தூண்.

அதன் பிறகு ஐரோப்பாவில் எதை எடுத்தாலும் விகிதம்தான். வெளிச்சம், சத்தம், எடை என்று எல்லாவற்றையும் அளந்தார்கள். காலத்தை விடுவார்களா? ஏர்ன்ஸ்ட் மாக் 1865இல் நேர உணர்வு பற்றிய தன் சோதனைகளை வெளியிட்டார். கார்ல் ஃபியரோர்ட் 1868இல் அதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஆனால் இவர்கள் அளந்தது ஆய்வுக்கூடத்துக்குள் அடங்கும் சின்னச் சின்ன இடைவெளிகளை. வருடங்களை எப்படி ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவருவது? அது யாராலும் முடியாத காரியம்.

கணக்கைப் போட்டவர்

அந்த இடத்தில்தான் பால் ஜானே வருகிறார். இவர் பாரிஸில் இருந்த தத்துவப் பேராசிரியர். (மனநல மருத்துவத்தில் புகழ்பெற்ற பியர் ஜானே இவருடைய சகோதரர் மகன்.) 1877இல், 'ரெவ்யூ ஃபிலோசோஃபிக்' என்ற பிரெஞ்சு இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். 'அகத்தில் நிகழும் ஒரு காட்சிப் பிழை' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அப்போது அவருக்கு வயது 54.

அவர் சொன்ன விதி எளிமையானது. வாழ்க்கையின் ஒரு கட்டத்தில் ஒரு கால அளவு எவ்வளவு நீளமாகத் தோன்றுகிறது என்பது, அதுவரை வாழ்ந்த மொத்தக் காலத்தோடு அதற்கு இருக்கும் விகிதத்தைப் பொறுத்தது. முழு வாழ்க்கை எப்போதும் ஒரே நீளமாகத்தான் மனதில் தெரிகிறது, அதற்குள் ஒரு வருடத்தின் பங்குதான் குறைந்துகொண்டே போகிறது. பள்ளியில் படித்த எட்டுப் பத்து வருடங்களையும், இப்போது கடந்துபோன எட்டுப் பத்து வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். முன்னது ஒரு யுகமாகவும் பின்னது ஒரு நொடிப் பொழுதாகவும் தெரியும் என்பது அவர் வாதம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜானே யாரையும் சோதிக்கவில்லை. நூறு பேரிடம் கேட்டு அட்டவணை போடவில்லை. ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர் தன் நினைவைத் திரும்பிப் பார்த்துச் சொன்ன விஷயம் இது. தலைப்பிலேயே அதை 'பிழை' என்றுதான் அழைத்தார். பிற்காலத்தில் இந்தக் கணக்கைப் பரப்பியவர்கள் அந்த வார்த்தையை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

ஜேம்ஸ் போட்ட தடை

ஜானேயின் பெயர் இன்றும் நினைவில் இருப்பதற்குக் காரணம் அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ். 1890இல் வெளியான 'உளவியலின் கோட்பாடுகள்' என்ற தன் பெரிய நூலில், காலத்தைப் பற்றிய அத்தியாயத்தில், ஜானேயின் விதியை அவர் எடுத்துச் சொன்னார். பத்தில் ஒரு பங்கு, ஐம்பதில் ஒரு பங்கு என்ற உதாரணம் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

வேடிக்கை என்னவென்றால், ஜேம்ஸ் அந்த விதியை ஏற்றுக்கொள்ளவே இல்லை! நடப்பதை அது ஏறக்குறைய விவரிக்கிறது, ஆனால் மனதின் அடிப்படை விதி என்று அதைச் சொல்ல முடியாது என்பது அவர் கருத்து. வருடங்கள் சுருங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் நினைவில் தங்குவது ஒரே மாதிரியாகிவிடுவதுதான் என்றார். சின்ன வயதில் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று புதிது. வயது ஏற ஏற அனுபவம் பழக்கமாகிறது, பழக்கமானதை மனம் தனியாகக் குறித்து வைப்பதில்லை. குறிப்புகள் இல்லாத வருடத்தைத் திரும்பிப் பார்த்தால் அது சுருங்கித்தான் தெரியும்.

அவருடைய இன்னொரு கவனிப்பு இன்னும் முக்கியமானது. பல விஷயங்கள் நிரம்பிய நேரம் நடக்கும்போது சீக்கிரம் போகும், பிறகு நினைத்துப் பார்த்தால் நீளமாகத் தெரியும். ஒன்றுமே நடக்காத நேரம் அதற்கு நேர் எதிர். நடக்கும்போது நகராது, நினைக்கும்போது ஒன்றும் இருக்காது. பரீட்சைக் கூடத்தில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தையும், நண்பர்களோடு சுற்றுலா போன மூன்று நாட்களையும் நினைத்துப் பாருங்கள், புரியும்.

ஆக, 'காலம் எப்படித் தெரிகிறது' என்பது ஒரு கேள்வி இல்லை, இரண்டு கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படித் தெரிகிறது என்பது ஒன்று. ஓடி முடிந்த பிறகு எப்படித் தெரிகிறது என்பது இன்னொன்று. விகிதக் கணக்கு இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறது. வெறும் விகிதம்தான் காரணம் என்றால், அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்காக ஐம்பது வயதுக்காரர் காத்திருக்கும் நேரம், பத்து வயதுப் பையன் காத்திருப்பதில் ஐந்தில் ஒரு பங்காகத் தோன்ற வேண்டும். அப்படியா இருக்கிறது?

கணக்கில் ஒரு ஓட்டை

விகிதக் கணக்கின் உள்ளேயே ஒரு பிரச்சனை இருக்கிறது. மேலே 5 வயதிலிருந்து 80 வரை எண்ணியபோது பாதி வழி 20 வயதில் வந்தது. அதே கணக்கை 1 வயதிலிருந்து 64 வரை போட்டால்?

1, 2, 4, 8, 16, 32, 64. ஆறு மடங்குகள். அதில் பாதி மூன்று. ஆக பாதி வழி 8 வயதில்!

எட்டு வயதில் பாதி வாழ்க்கை முடிந்துவிட்டது என்று யாராவது ஒத்துக்கொள்வார்களா? தொடக்கத்தை இன்னும் பின்னால் தள்ளி, ஒரு மாதக் குழந்தையிலிருந்து எண்ணினால் பாதி வழி இன்னும் முன்னால் வந்துவிடும். பிறந்த கணத்திலிருந்தே எண்ணினால் முதல் வருடத்தின் நீளம் எல்லையே இல்லாததாகிவிடும், மீதி வாழ்க்கை அதன் முன் ஒன்றுமே இல்லை. அதாவது பயமுறுத்தும் அந்த '20 வயது' என்ற எண், எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து மாறும் ஒன்று. 5 என்று எடுத்ததால் 20 வந்தது, அவ்வளவுதான்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்?

இருபதாம் நூற்றாண்டில் சிலர் வேறு வழியில் தேடினார்கள். கணக்கை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்தார்கள்.

பிரெஞ்சு விஞ்ஞானி லெகோம்த் து நூயி, முதல் உலகப் போரின்போது ராணுவ மருத்துவமனையில் காயங்கள் ஆறும் வேகத்தை அளந்தவர். ஒரே அளவு காயம் வயதானவருக்கு ஆற அதிக நாள் பிடிக்கிறது என்று கண்டார். அவருடைய கணக்கில், 60 வயதுக்காரருக்குப் பத்து வயதுச் சிறுவனைப் போல சுமார் ஐந்து மடங்கு நாள் ஆகும். உடம்பின் காலம் வேறு, கடிகாரத்தின் காலம் வேறு என்று 1936இல் ஒரு நூல் எழுதினார்.

1933இல் அமெரிக்கர் ஹட்சன் ஹோக்லண்ட் வெளியிட்ட ஆய்வு அவர் வீட்டிலேயே தொடங்கியது. காய்ச்சலில் படுத்திருந்த மனைவிக்காக மருந்து வாங்கப் போனார். சீக்கிரமே திரும்பிவிட்டார். மனைவியோ "இவ்வளவு நேரமா?" என்று கேட்டார். வேறு கணவராக இருந்தால் சண்டை போட்டிருப்பார். இவர் விஞ்ஞானி ஆயிற்றே! கடிகாரத்தைப் பார்க்காமல் மனதுக்குள் 60 விநாடி எண்ணச் சொன்னார். காய்ச்சல் ஏற ஏற அந்த அம்மாள் வேகமாக எண்ணினார், அதாவது அவருக்கு ஒரு நிமிடம் சீக்கிரமே முடிந்துவிட்டது. உடம்புச் சூடு நேர உணர்வை மாற்றுகிறது என்பதற்கு இது ஒரு நல்ல சாட்சி. ஆனால் இது நிமிடக் கணக்கு. பத்து வருடம் ஏன் சுருங்குகிறது என்பதை இது சொல்லாது.

வர்க்கமூலம் வந்த கதை

1975இல் ராபர்ட் லெம்லிக் என்பவர் ஜானேயின் கணக்கைத் திருத்தினார். இவர் உளவியல்காரர் இல்லை, அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் பேராசிரியர்! அவர் கேட்ட கேள்வி நியாயமானது. மனம் ஒரு வருடத்தை எதோடு ஒப்பிடுகிறது? காலண்டர் சொல்லும் வயதோடா? வாழ்ந்த காலமும் மனதில் சுருங்கித்தானே இருக்கிறது? ஆகவே அந்தச் சுருங்கிய காலத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்றார்.

இப்படிக் கணக்குப் போட்டால் விகிதத்துக்குப் பதிலாக வர்க்கமூலம் வருகிறது. ஜானேயின்படி 40 வயதில் ஒரு வருடம், 10 வயதில் இருந்ததில் நான்கில் ஒரு பங்கு. லெம்லிக்கின்படி பாதி. சுருக்கம் கொஞ்சம் மென்மையாகிறது. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்ற பிரச்சனையும் தீர்கிறது, பிறந்ததிலிருந்தே எண்ணலாம். ஆனாலும் 80 வயது வாழ்க்கையில் பாதி வழி எங்கே வருகிறது தெரியுமா? மறுபடியும் 20 வயதில்தான்!

லெம்லிக் சிலரிடம் கேட்டும் பார்த்தார். இப்போது இருக்கும் வயதில் பாதியாக இருந்தபோது காலம் எவ்வளவு வேகத்தில் போனது, கால்வாசி வயதில் எவ்வளவு வேகத்தில் போனது என்று கேட்டார். அவர்கள் சொன்னது கணக்கோடு ஓரளவு ஒத்துப்போனது.

ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். நாற்பது வயதுக்காரரிடம் "பத்து வயதில் காலம் எப்படிப் போச்சு?" என்று கேட்டால், பதில் சொல்வது அந்தப் பத்து வயதுப் பையன் இல்லை. நாற்பது வயதுக்காரரின் நினைவு. "சின்ன வயசுல நேரமே போகாது" என்று எல்லோரும் சொல்லிக் கேட்டுப் பழகியவர் அவர். ஜேம்ஸ் போட்ட தடை இங்கேயும் நிற்கிறது.

499 பேர் சொன்னது

பிறகுதான் வெவ்வேறு வயதுக்காரர்களை அவரவர் வயதிலேயே கேட்கலாம் என்ற யோசனை நன்றாக வேலை செய்தது. மார்க் விட்மான், சாண்ட்ரா லென்ஹாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் இப்படி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 14 வயது முதல் 94 வயது வரை 499 பேர். போன வாரம் எவ்வளவு வேகமாகப் போனது? போன மாதம்? போன வருடம்? போன பத்து வருடம்? 'மிக மெதுவாக' என்பதிலிருந்து 'மிக வேகமாக' வரை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஜானேயின் விதி சரி என்றால் எல்லாக் கேள்வியிலும் வயது தெளிவாகத் தெரிய வேண்டும். 20 வயதுக்காரருக்கு ஒரு வாரம், 60 வயதுக்காரரின் வாரத்தைவிட மூன்று மடங்கு நீளமாக இருக்க வேண்டும் அல்லவா?

அப்படி வரவில்லை. வாரம், மாதம் போன்ற குறுகிய காலங்களில் சிறியவருக்கும் பெரியவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. எல்லா வயதுக்காரர்களும் "வேகமாகத்தான் போகுது" என்றார்கள்! பத்து வருடம் பற்றிய கேள்வியில்தான் வயது வித்தியாசம் ஓரளவு தெரிந்தது. அதுவும் சுமார் 50 வயது வரைதான் கூடியது, அதன் பிறகு சமமாகிவிட்டது. விகிதமோ 50இல் நிற்காது, 90 வரை சுருங்கிக்கொண்டேதான் போக வேண்டும்.

2010இல் வில்லியம் ஃப்ரீட்மன், ஸ்டீவ் யான்சன் ஆகியோர் செய்த ஆய்விலும் ஏறக்குறைய இதே கதைதான். வயது வித்தியாசம் பத்து வருடக் கேள்வியில்தான் எட்டிப் பார்த்தது. வேலைக்கும் வேலைக்கும் நடுவே நேரம் போதாமல் ஓடுவதாக உணர்கிறவர்கள்தான் காலம் வேகமாகப் போவதாகச் சொன்னார்கள். வயதைவிட அவசரம் பெரிய காரணமாக இருந்தது.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்கிறது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகம் வரும். உளவியலில் இதை ஒரு 'மேடு' என்பார்கள், 1986இல் வந்த ஒரு ஆய்வுக்குப் பிறகு இந்தப் பெயர் நிலைத்தது. முதல் நண்பன், முதல் காதல், முதல் சம்பளம் என்று 'முதல்'கள் எல்லாம் அந்த மேட்டில்தான் குவிந்திருக்கின்றன. அந்த வருடங்கள் நீளமாகத் தெரிவதற்கு, கீழே இருக்கும் வகுக்கும் எண் சின்னதாக இருந்தது மட்டும் காரணம் இல்லை. மேலே வைக்க நிறைய இருந்தது.

பன்னிரண்டு வருடங்கள்

கடைசியாக, ஜேம்ஸின் அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு தகவல். 1878இல் அதை எழுத ஒப்பந்தம் போட்டபோது இரண்டு வருடத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார். முடிக்கப் பிடித்தது பன்னிரண்டு வருடம். தொடங்கியபோது வயது 36, வெளிவந்தபோது 48. ஜானேயின் கணக்குப்படி, ஒரு வருடத்தின் பங்கு 36இல் ஒன்றிலிருந்து 48இல் ஒன்றாகக் குறைந்திருந்தது.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள். ஹெர்மன் என்ற மகன் 1885இல், ஒன்றரை வயதில் இறந்துபோனான். விகிதத்தில் பார்த்தால் 1885 என்பது அந்தத் தகப்பனுக்கு 43இல் ஒரு பங்கு, அதற்கு முந்தைய வருடத்தைவிடக் கொஞ்சம் சின்னது. அப்படித்தான் இருந்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

வகுத்தல் கணக்குக்கு வருடம் என்றால் வெறும் ஒன்று. அதில் என்ன நடந்தது என்று அது கேட்பதில்லை. ஆகவே இருபது வயதில் இருக்கும் யாரிடமாவது "உன் வாழ்க்கையில பாதி முடிஞ்சு போச்சு, கணக்கே சொல்லுது" என்று யாராவது பயம் காட்டினால், பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: "எந்த வயசுல இருந்து எண்ண ஆரம்பிச்சீங்க?"